ரோஸ் நிற ஐஸ்

அக்டோபர் 3, 2024, வியாழன்

நூலக வேலையிலிருந்து திரும்பினால் வீட்டில் சண்டை. எங்கள் வீட்டுச் சண்டை என்றால் அப்பா ஒரு வார்த்தை சொல்வார், அம்மா ஒரு பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள். அவ்வளவுதான்.

விஷயம் கேரவன், கோடையில் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகிற எங்கள் சக்கர வீடு. வருஷா வருஷம் அக்டோபர் முதல் சனி, ஞாயிறில் அதைக் குளிருக்குத் தயார் செய்துவிடுவோம். குழாய்களில் நிற்கிற தண்ணீரை வடித்துவிட்டு, குளிரில் உறையாத ரோஸ் நிற ரசாயனத் தண்ணியை உள்ளே ஓடவிட்டால் மே மாதம் வரை அந்தப் பக்கம் போக வேண்டாம். இந்த வருஷம் அம்மா, "இன்னும் ஒரு வாரம் போகட்டும்" என்கிறாள்.

"எதுக்கு? இனிமே அதுல எங்க போகப்போறோம்?"

"போகட்டும்னா போகட்டும், டுவேன்."

அப்பா குளிர்காலம் முழுக்க மாவட்ட நிர்வாகத்துக்காகச் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவர். குளிர் விஷயத்தில் அவரோடு யாரும் வாதாடியதில்லை. இன்று அம்மா வாதாடினாள். அவரும் விட்டுக்கொடுத்தார். எனக்கு இரண்டுமே புதிது.

அக்டோபர் 5, சனி

வெர்ன் மாமா வந்திருந்தார். வேலைக்கென்று வந்தவர், வேலை இல்லை என்றதும் பியரோடு உட்கார்ந்துவிட்டார். அம்மாவின் அண்ணன். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை மே மாதம் நான் பட்டம் வாங்கிய அன்றே நிறுத்திவிட்டார்.

"பட்டதாரி, சொல்லு பார்ப்போம். கேரவன்ல குளிர் முதல்ல எதைக் கடிக்கும்?"

தெரியும். ஆனாலும் தலையைத்தான் ஆட்டினேன்.

"ஐஸ் மெஷின் வால்வு. எல்லாரும் குழாயைத் திறப்பான், கக்கூஸை அமுக்குவான், ஹீட்டரை வடிப்பான். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி கட்டைவிரல் அளவு ஒரு வால்வு இருக்கிறதை மறந்துடுவான். அது வெடிச்சுத் தண்ணி ஒழுகி, எனக்குக் கேரவன் தரையே போச்சு."

"உனக்குத் தரை போனதுக்குக் காரணம் வால்வு இல்ல, சோம்பேறித்தனம்" என்றாள் அம்மா.

எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள். படியேறி மாடிக்குப் போகும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாள். ஷூவில் ஏதோ சிக்கியதுபோல் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷூவில் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மா, "கேரவன்ல துண்டு விட்டுட்டேன்" என்று போனாள். திரும்பி வந்தபோது கையில் துண்டு இல்லை. அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இது முதல் தடவை இல்லை.

கேரவன் வீட்டை ஒட்டித்தான் நிற்கிறது, என் ஜன்னலுக்குக் கீழே. மின்சார வயரும் தண்ணீர்க் குழாயும் இன்னும் சொருகியபடியே இருக்கின்றன. மத்தியானத்தில் தெரு அடங்கியிருக்கும்போது உள்ளே ஐஸ் தொட்டியில் விழும் சத்தம் என் மேசை வரைக்கும் கேட்கும். கடகடவென்று, யாரோ கோலிக்குண்டைக் கொட்டியதுபோல.

அந்த மெஷின் வைத்த ஃப்ரிட்ஜை அம்மாவுக்காகவே அப்பா போட்டார். அம்மாவுக்கு ஐஸ் என்றால் உயிர். குடிக்க இல்லை, கடிக்க. மாமா அவளைக் 'குதிரை' என்பார். ஜூலையில் கடைவாய்ப்பல் ஒன்று பாதியாக உடைந்தது. பல் டாக்டர் திட்டினார். அப்பா அன்றைக்கே சமையலறை ஃப்ரீஸரிலிருந்த ஐஸ் தட்டுகளைத் தூக்கிக் குப்பையில் போட்டார். அம்மா இனிமேல் தொட மாட்டேன் என்று சொன்னாள்.

சொன்னாள்தான்.

துண்டு!

அக்டோபர் 9, புதன்

வார இறுதியில் உறைநிலைக்குக் கீழே போகிறதாம். இரவுச் சாப்பாட்டில் அப்பா, "சனிக்கிழமை முடிச்சிடறோம், பேச்சே இல்ல" என்றார்.

அம்மா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "சரி, எல்லாத்தையும் பண்ணு. அந்த ஐஸ் மெஷினை மட்டும் விட்டுடு."

"அதை விட்டா வால்வு வெடிக்கும், லொரெய்ன். உங்க அண்ணன் கேரவன் கதை தெரியாதா உனக்கு?"

"வெடிச்சா வெடிக்கட்டும்! என் மெஷின்தானே அது? எனக்குன்னு வாங்கினதுதானே?"

எழுந்து போய்விட்டாள். என் அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷமாக முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள். தட்டை அவள்மேல் கவிழ்த்த பிள்ளையிடம்கூடக் குரல் உயர்த்தாதவள். நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா மெதுவாக, "அவளுக்கு என்ன ஆச்சு?" என்றார்.

எனக்கு எப்படித் தெரியும்? கேட்கிற தைரியம் இந்த வீட்டில் யாருக்கு இருக்கிறது?

அக்டோபர் 12, சனி

வேலை முடிந்தது. கை இன்னும் ரோஸாக இருக்கிறது.

தண்ணீர்த் தொட்டியை வடித்தோம், ஹீட்டரை வடித்தோம். பம்பின் வாய்க் குழாயை ரோஸ் தண்ணி கேனுக்குள் விட்டு அப்பா சுவிட்சைப் போட, நான் உள்ளே ஒவ்வொரு குழாயாகத் திறந்தேன். முதலில் காற்று துப்பும், பிறகு வெறும் தண்ணீர், பிறகு வெளிர் ரோஸ், பிறகு நல்ல ரோஸ். "வந்துச்சு" என்று கத்த வேண்டும். நான் கத்துவது அப்பாவுக்குக் கேட்பதே இல்லை. மாமாதான் நடுவில் நின்று, "பட்டதாரி வந்துச்சுங்கிறா!" என்று எடுத்துக் கொடுத்தார்.

ஐஸ் மெஷினுக்கு வரும்போது கேன் காலி. கடைக்குப் போக வேண்டும் என்றார் அப்பா. "எதுக்கு? என்கிட்ட போன வருஷத்துது பாதி இருக்கு" என்று மாமா தன் லாரியின் பின்பக்கத்திலிருந்து ஒரு கேனை எடுத்து வந்தார். அதையும் பம்பில் விட்டோம்.

மெஷினில் அவசரம் ஆகாது. பக்கத்துக் கம்பியைக் கீழே இறக்கிவிட்டால் அதுவாகத் தண்ணீரை இழுத்து, உறையவைத்து, கொட்டும். நல்ல ரோஸ் ஐஸ் விழுகிறவரை விட வேண்டும், அப்போதுதான் வால்வு வரை ரோஸ் தண்ணி போயிருக்கிறது என்று அர்த்தம். அது வெறும் தண்ணீர்போல இறுகாது. பாதி கூழ், பாதி கட்டி. ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று விட்டுவிட்டோம்.

நாளைக்குக் காலையில் எறிதல். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே, மெஷின் வருமுன் தட்டு ஐஸ் காலத்திலேயே ஆரம்பித்தது. கடைசி ஐஸை ஆளுக்கு ஒன்றாக எடுத்து வேலிப் பக்கத்து மரக்கட்டைமேல் எறிவோம். யார் குறி தவறுகிறாரோ அவர் இரவுச் சமையல். அதோடு எங்கள் வீட்டில் கோடை முடியும்.

அம்மா நாள் முழுக்க வெளியே வரவில்லை. தலைவலி என்றாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். 

காலையில் மாமா வந்ததும் எறியப் போனோம். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. நான்தான் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஐஸ் தொட்டி காலி. அடியில் ரோஸாகக் கொஞ்சம் ஈரம்.

"கொட்டிட்டீங்களா, அப்பா?"

"நான் எங்க கொட்டினேன்? நீதான் கொட்டியிருப்ப."

"மெஷினே ஓடலையோ என்னவோ" என்றார் மாமா.

ஓடியிருக்கிறது. தொட்டியின் ஓரத்தில் கூழ் ஒட்டியிருந்தது. கால்மிதியில் ஒரு சொட்டு, கதவுப் படியில் ஒரு சொட்டு, பிறகு புல்லில் வீட்டுப் பக்கமாக ஒருவர் நடந்துபோன தடம்.

நான் தடத்தின் பின்னால் போனேன். சமையலறைத் தொட்டியில் அம்மாவின் பள்ளிக்கூடக் குவளை, பெரியது, அவள் மட்டுமே எடுப்பது. அதன் அடியில் ரோஸ் தண்ணீர் நின்றது. உள்ளே ஒரு ஸ்பூன்.



அம்மா சோபாவில் போர்வையோடு இருந்தாள். குவளையைக் காட்டினேன். "அம்மா. இதைத் தின்னியா?"

போர்வையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டாள்.

"இருட்டுல தெரியாம எடுத்துட்டியா? ரோஸா இருக்கிறது தெரியலையா?"

"தெரிஞ்சுது" என்றாள்.

"தெரிஞ்சுமா?"

"லைட்டைப் போட்டுத்தான் எடுத்தேன். ரோஸாதான் இருந்துச்சு. என்னன்னு தெரியும். விட முடியல, மார்னி." பிறகு என்னைப் பார்க்காமல், "விடவே முடியல" என்றாள்.

அப்பா வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. தொப்பியைக் கழற்றக்கூட இல்லை.

யாராவது விஷ உதவி எண்ணுக்குப் பேச வேண்டும். அப்பா போனை எடுத்தார், எண்ணைத் தப்புத் தப்பாக அழுத்தினார். மாமா அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, "லொரி, லொரி" என்றுகொண்டிருந்தார். நான் பீட்சாவுக்குக்கூட போன் பண்ணாதவள். கல்லூரி நாலு வருஷத்தையும் மின்னஞ்சலிலேயே முடித்தவள். போனைப் பிடுங்கினேன்.

மறுமுனையில் ஒரு ஆள், அவசரமே இல்லாத குரல். "கேன்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

அப்பா வாங்கிய கேனைப் படித்தேன். ஒவ்வொரு எழுத்தாக.

"இது கேரவனுக்குன்னே வர்றது. வயித்தைப் புரட்டும், பெரிய ஆபத்து இருக்காது. வேற ஏதாவது கலந்தீங்களா?"

மாமாவின் கேனைத் திருப்பினேன். லேபிள் இல்லை. வெயிலில் உரிந்து, பசைத் தடம் மட்டும்தான்.

"இன்னொரு கேன் இருக்கு, சார். லேபிள் இல்ல. அதுவும் ரோஸ்தான்."

அந்தக் குரலில் இப்போது அவசரம். "காருக்கு ஊத்துறதுலயும் ரோஸ் உண்டும்மா. அது வேற. அது விஷம். எதுன்னு தெரியாம உங்களை வீட்டுல இருங்கன்னு நான் சொல்ல மாட்டேன். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. அந்தக் கேனையும் எடுத்துட்டுப் போங்க."

நான் திரும்பினேன். "மாமா. இது எதோட கேன்?"

"கேரவனுதுதான்." எழுந்து நின்றார். "கேரவனுதுதான்னு நினைக்கிறேன். ஷெட்டுல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல... ஐயோ, மார்னி."

பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அப்பா ஓட்டினார். பனிப்புயலிலும் நிதானம் தவறாத மனுஷன், இன்று நிறுத்தப் பலகையைப் பார்க்காமல் தாண்டினார். நான் பின்சீட்டில் கேனை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்திருந்தேன். ஐஸைவிட ஐஸாக இருந்தது அந்தக் கை.

"இனிப்பா இருந்துச்சா, அம்மா?" அந்த ஆள் கேட்கச் சொல்லவில்லை. நானாகக் கேட்டேன்; காருக்கு ஊற்றுகிற விஷம் இனிக்கும் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

யோசித்தாள். "கொஞ்சம்."

அப்பாவின் தோள் அசைந்தது. 

இப்போது உள்ளே ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். அது எந்த ரோஸ்?

அதே நாள், சாயங்காலம்

விஷம் இல்லை. மாமாவின் கேனும் கேரவனுடையதுதான்.

டாக்டர் இதைச் சொன்னதும் மாமா நாற்காலியில் குனிந்து முகத்தை மூடிக்கொண்டார். அப்பா கோட்டை எடுக்கத் திரும்பினார். கிளம்பலாம் என்று நினைத்துவிட்டார்.

டாக்டர் ப்ராண்ட்வோல்ட், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார், பெண். "இருங்க, இன்னொரு விஷயம் இருக்கு" என்றார். "விஷம் இருக்கான்னு பார்க்கத்தான் ரத்தம் எடுத்தோம். பார்த்தா ரத்தமே பாதிதான் இருக்கு. இவங்க எப்படி நடந்து வந்தாங்கன்னே எனக்குப் புரியல."

புரியவில்லை எங்களுக்கும். பாதி என்றால்? மீதி எங்கே?

"ஐஸ் எவ்வளவு காலமா திங்கிறீங்க, லொரெய்ன்?"

"எல்லாரும் திங்கிறதுதானே" என்றாள் அம்மா.

"ரெண்டு வருஷமா அதிகம்" என்றார் அப்பா. "ரொம்ப ஆசைப்பட்டான்னுதான் அந்த மெஷினையே வாங்கிக் கொடுத்தேன்."

டாக்டர் அப்பாவைப் பார்த்து அன்பாகத்தான் சொன்னார். "ரத்தத்துல இரும்புச் சத்து ரொம்பக் குறைஞ்சா சில பேருக்கு மண்ணு திங்கத் தோணும், சில பேருக்கு சாக்பீஸ். சில பேருக்கு ஐஸ். அது ஆசை இல்ல. உடம்பு கத்துறது."

அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"களைப்பு உண்டா? மூச்சு வாங்குமா?"

"அதெல்லாம் இல்ல" என்றாள் அம்மா.

"இருக்கு" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல். "படியில பாதியில உட்கார்ந்துடறா. ஷூவைப் பார்க்கிற மாதிரி பார்ப்பா. நகமெல்லாம் நடுவுல குழிஞ்சுபோச்சு, ஸ்பூன் மாதிரி. உதடு வெளுத்துப்போய் லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டுத்தான் வேலைக்கே போறா, முன்னாடி போட மாட்டா. கடைக்குப் போனா வண்டியைத் தள்ளுறதில்ல, அதுமேல சாஞ்சுக்கிட்டு நடக்கிறா."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அம்மாவும். "நீ இதையெல்லாம் பார்த்துக்கிட்டா இருந்த?" என்றாள், கோபமா என்ன என்று தெரியாத குரலில்.

டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ரத்தம் எங்கிருந்தோ கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது, எங்கிருந்து என்று பார்க்க வேண்டும் என்றார். இப்போது அம்மாவுக்கு யாரோ ஒருவருடைய ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது.

அக்டோபர் 14, திங்கள்

அம்மாவின் காது மடல் சிவப்பாக இருக்கிறது. இந்த நிறத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

அக்டோபர் 16, புதன்

வேலையிலிருந்து வந்தால் கேரவன் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே அப்பா ஸ்க்ரூடிரைவரோடு ஃப்ரிட்ஜின் முன்னால் மண்டியிட்டிருந்தார். ஐஸ் மெஷினைப் பாதி கழற்றிவிட்டார்.

"என்ன பண்றீங்க?"

"குப்பையில போடப்போறேன்."

"அப்பா, அது காட்டிக்கொடுத்திருக்கு. அது இல்லன்னா நமக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அது இல்லன்னா அவ ரெண்டு வருஷம் முன்னாடியே டாக்டர்கிட்ட போயிருப்பா."

எது சரி? இரண்டுமே சரியாக இருக்குமோ? நான் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து அவரே ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகத் திருப்பி முடுக்கினார்.

அக்டோபர் 22, செவ்வாய்

பெருங்குடலில் கட்டி. டாக்டர் கோல்ஃப் பந்து அளவு என்றார். ஏன் எல்லா டாக்டரும் விளையாட்டுச் சாமான் அளவு சொல்கிறார்கள்?

புற்றுநோய்.

எழுதிப் பார்க்கிறேன். எழுதினாலும் நம்ப முடியவில்லை. அது அவ்வளவு காலமாக அங்கே இருந்திருக்கிறது. நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்திருக்கிறோம். குதிரை என்று சிரித்திருக்கிறோம்.

மருத்துவமனையில் நர்ஸ் வாய்க்கு இதமாக இருக்கும் என்று ஒரு சின்னக் கப்பில் ஐஸ் துண்டுகள் கொண்டுவந்து வைத்தாள். அப்பா, நான், மாமா மூவரும் அந்தக் கப்பையே பார்த்தோம், பாம்பைப் பார்ப்பதுபோல. அம்மா மாமாவோடு பேசிக்கொண்டே இருந்தாள். மாமா இனிமேல் எல்லாக் கேனிலும் கொட்டை எழுத்தில் பெயர் எழுதப்போகிறாராம். "உனக்கு எழுதத் தெரியுமா?" என்றாள் அம்மா.

நாங்கள் கிளம்பும்போது கப்பில் தண்ணீர் இருந்தது. ஒரு துண்டைக்கூட எடுக்கவில்லை. ஒரு வாரமாக மருந்தாக ஏற்றிய இரும்பு. அவ்வளவுதானா? அத்தனை வருஷத்து வெறிக்கு அவ்வளவுதானா?

நவம்பர் 12, செவ்வாய்

அறுவை சிகிச்சை. காத்திருக்கும் அறையில் அப்பா ஜன்னல் வழியாக முதல் பனியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேலைக்கு வரச் சொல்லிப் போனில் அழைத்தார்கள். "இன்னிக்கு ரோடு எப்படியோ போகட்டும்" என்று வைத்துவிட்டார். இப்படி அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்களாம். அதற்கு மேல் சொல்ல ஒரு வாரம் ஆகுமாம்.

நவம்பர் 15, வெள்ளி

வாரா வாரம் ஊர் கூடிச் சாப்பிடுகிற வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு யாரும் போகவில்லை. மாமா மீனை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். யாரும் தின்னவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

டாக்டர் போன் பண்ணினார். வீட்டில் நான் மட்டும். நானே எடுத்தேன், நானே பேசினேன். வேறெங்கும் பரவவில்லை என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். தப்பாகக் கேட்டிருக்கப்போகிறேன் என்று மூன்றாவது தடவையும் கேட்டேன்.

அப்புறம் போய்க் கேரவன் படியில் உட்கார்ந்தேன். பனி விழுந்துகொண்டிருந்தது. கோட்டுகூடப் போட்டுக்கொள்ளவில்லை. 

பிப்ரவரி 8, 2025, சனி

கட்டி மறுபடி வராமலிருக்க மருந்து ஏற்றுகிற நாள்களில் அம்மாவுக்குக் குளிர்ந்த எதையும் தொட முடிவதில்லை. தொட்டால் விரலில் ஊசி குத்துகிறதாம். ஃப்ரிட்ஜிலிருந்து பால் எடுக்கக்கூட அப்பாவின் பனிக் கையுறையைப் போட்டுக்கொள்கிறாள்.

மாமா அதைப் பார்த்துவிட்டு, "குதிரைக்கு லாடம் அடிச்சாச்சு" என்றார்.  அம்மாதான் முதலில் சிரித்தாள்.

மே 17, சனி

ரோஸ் தண்ணியை வெளியேற்றிக் கேரவனைத் திறந்தோம். ஐஸ் மெஷினை ஓட்டவா என்று அப்பா கேட்டார். அம்மா, "ஓட்டேன், விருந்தாளி வந்தா வேணும்" என்றாள்.

அக்டோபர் 12, 2025, ஞாயிறு

எறிதல் நாள்.

நேற்று ரோஸ் தண்ணி விட்டோம். மாமா கேன்கள் ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் 'கேரவன்' என்று எழுதியிருக்கிறார். மூடியிலும் எழுதியிருக்கிறார். அடியிலும்.

காலையில் நான் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கதவைப் பிடித்த கை ஒரு கணம் நின்றது. தொட்டி வழிய வழிய ரோஸ் ஐஸ்.

அப்பா எறிந்தார், பட்டது. மாமா எறிந்தார், பட்டது, ஆட்டம் வேறு போட்டார். நானும் எறிந்தேன். அம்மா தொட்டிக்குள் கைவிட்டுப் பெரியதாக ஒன்றை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் மூவரும் கட்டையைப் பார்ப்பதுபோல் பாவனை பண்ணிக்கொண்டு அவளையே பார்த்தோம்.

எறிந்தாள். கட்டைக்கு நாலடி தள்ளிப் புல்லில் விழுந்தது.

"சே" என்று கையை ஜீன்ஸில் தேய்த்தாள். "கையே விறைச்சுப்போச்சு. எவன்டா இந்தக் குளிர்ல இதைப் பிடிப்பான். சரி, உள்ள வாங்க, ராத்திரிக்கு என்ன வேணும்?"